ஆங்கில இலக்கணம்: கரையோரப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையில் தமிழ் வழியில் படித்து, பத்தாம் வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ ஆங்கில இலக்கணத்தைக் கண்டு மலைத்து நிற்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். சாயங்கால டியூஷனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேளுங்கள், ஸ்பெல்லிங் அப்புறம். உங்களுக்கு இலக்கணமே தெரியாது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரு மொழியின் இலக்கணம் முழுசாக உங்கள் நாக்கில் இருக்கிறது. அதை வைத்தே அடுத்த மொழியைப் பிடிக்கலாம்.

இலக்கணம் யார் போட்ட சட்டம்? மீறினால் தப்பா?

இலக்கணம் என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கப்படுகிறது. ‘நான் மீனுக்கு வாங்கினேன் சந்தையை’ என்று மூன்று வயதுத் தமிழ்க் குழந்தைகூடச் சொல்லாது. அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பேசுகிறவர்கள் எல்லோர் மனதிலும் இருக்கும் இந்த ஒழுங்கைத்தான் மொழியியல் ஆராய்கிறது. இன்னொன்று, நாலு பேர் முன்னால் எப்படிப் பேச வேண்டும், எழுத வேண்டும் என்கிற ஒழுக்க விதி. ‘ஆங்கில வாக்கியத்தை ப்ரெப்பொசிஷனில் (இன், ஆன், அட் போன்ற சொல்லில்) முடிக்கக் கூடாது’ என்பது அந்த வகை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லத்தீனை அளவுகோலாகப் பிடித்த இங்கிலாந்து அறிஞர்களிடமிருந்து வந்த பேச்சு அது. இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்றுதான் கேட்கிறார்கள். தேர்வில் இரண்டாவது வகைக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் படித்துக்கொள்ளுங்கள். எது எந்த வகை என்று மட்டும் தெரிந்து படியுங்கள்.

மொழியியலில் என்னென்ன பிரிவுகள்?

வாய் எப்படி ஒலியை உண்டாக்குகிறது என்பது ஒலியியல். ஒரு மொழி எந்த ஒலிகளை வேறு வேறாகக் கணக்கில் எடுக்கிறது என்பது ஒலியனியல். சொல் எந்தத் துண்டுகளால் ஆனது என்பது உருபனியல், சொற்கள் சேர்ந்து வாக்கியமாவது தொடரியல், பொருள் பற்றியது பொருண்மையியல். பேசும் இடத்தையும் ஆளையும் பொறுத்துப் பொருள் மாறுவதைப் பார்ப்பது பயன்வழியியல். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரமாகப் பிரித்ததை நினைத்துக்கொண்டால் இந்தப் பெயர்கள் மிரட்டாது.

மிஸ், எங்க ஊர்ப் பேச்சு கொச்சைங்கிறாங்களே?

கொச்சை இல்லை. கீழக்கரை வீட்டில் வாப்பா, உம்மா, லாத்தா. தங்கச்சிமடத்து வீட்டில் அப்பா, அம்மா, அக்கா. இரண்டும் முழுமையான தமிழ். ‘இருக்கிறது’ பேச்சில் ‘இருக்கு’ ஆகிறது, ‘வருகிறது’ ‘வருது’ ஆகிறது. இந்தச் சுருக்கத்திலும் ஒழுங்கு உண்டு, இஷ்டத்துக்கு யாரும் சுருக்குவதில்லை. எழுத ஒரு வடிவம், பேச ஒரு வடிவம் என்று ஒரே சமூகம் இரண்டு வைத்துக்கொள்ளும் நிலைமைக்கு இரட்டை வழக்கு என்று பெயர். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் இதை ஆராய்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வரும் முன்பே இரண்டு இலக்கணத்தைச் சமாளிக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம்.

கீழக்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. உங்கள் ஊரில் தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. அரபுத்தமிழ் என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் எழுதியவர். எழுத்து அரபு, மொழி தமிழ். எழுத்து வேறு, மொழி வேறு என்ற மொழியியலின் முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கஷ்டம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துதானே, தமிழில் 247. அப்புறம் ஏன் ஆங்கில உச்சரிப்பு கஷ்டம்?

எழுத்தை எண்ணாதீர்கள், ஒலியை எண்ணுங்கள். பாடப்புத்தகங்கள் அளவுகோலாக எடுக்கும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் மெய்யொலி 24, உயிரொலி 20, ஆக 44. இருபத்தாறு எழுத்து அத்தனையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கஷ்டத்தின் உண்மையான காரணம் எண்ணிக்கையில் இல்லை. ‘பாம்பன்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் நடுவில் வரும் ‘ப’வும் ஒன்றா? கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். முதல் ‘ப’வுக்கு உதடு மூடியிருக்கும் நேரத்தில் தொண்டை சும்மா இருக்கும். ‘ம்ப’ என்ற இடத்தில் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: முதலாவதுக்கு ‘பென்’ என்ற சொல்லின் எழுத்து, இரண்டாவதுக்கு ‘பஸ்’ என்ற சொல்லின் எழுத்து. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் ஊர்ப்பெயரில் இரண்டு ஒலி இருப்பதை நாம் கவனித்ததே இல்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. சொல்லின் தொடக்கத்தில் அதிராத ஒலி, மெல்லின மெய்க்குப் பின்னால் அதிரும் ஒலி என்று இடமே தீர்மானித்துவிடுகிறது. இரண்டையும் மாற்றிப் பொருளை மாற்ற முடியாது. அதனால் தமிழுக்கு இது ஒரே ஒலியன், ஒரே எழுத்து போதும்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஆங்கிலக் காதுக்கு அவை வேறு வேறு சொற்கள், ஏனென்றால் அங்கே அதிர்வு பொருளையே மாற்றுகிறது.

நம் காதுதான் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்து, குண்டூசிப் ‘பின்’னை ஆங்கிலேயரைச் சொல்லச் சொன்னால் காகிதம் ஆடும். ‘ஸ்பின்’ என்று சொல்லும்போது அந்த அளவு ஆடாது. முதலாவதில் மூச்சு சேர்ந்து வருகிறது, இரண்டாவதில் வருவதில்லை. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான ஆங்கிலேயர்கள் கவனித்ததே இல்லை. இந்திக்காரர்களுக்கு அது தனி எழுத்து, தனிச் சொல். எந்த மொழிக்காரருக்கும் தன் மொழிக்குத் தேவையான வேறுபாடுதான் காதில் விழும். மற்றதைப் பழகித்தான் பிடிக்க வேண்டும். பழகினால் நிச்சயம் பிடிபடும்.

‘போட்டு’, ‘இஸ்கூலு’ன்னு சொன்னா சிரிக்கிறாங்க. ஏன் அப்படி வருது?

உங்கள் நாக்கு தொல்காப்பியத்தைக் கடைப்பிடிப்பதால் வருகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் முடியும் ஒரு தமிழ்ச் சொல்லை யோசித்துப் பாருங்கள், கிடைக்காது. அதனால் ‘போட்’ என்ற சொல் கரைக்கு வந்ததும் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு ‘போட்டு’ ஆனது. மார்க்கெட்டு, பக்கெட்டு, டிக்கெட்டு எல்லாம் இதே வழி. அதேபோல் தமிழ்ச் சொல் தனி மெய்யில் தொடங்கவும் கூடாது. ‘ஸ்கூல்’ அப்படித் தொடங்குகிறது, எனவே முன்னால் ஓர் இகரம்.

நம் மாவட்டத்தின் பெயரையே பாருங்கள். ‘ரா’ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது மரபு. அதனால்தான் இராமநாதபுரம், இராமேசுவரம் என்று இ சேர்த்து எழுதுகிறோம். இலக்கணப் புத்தகத்தில் இ சேர்த்தால் மரபு, இஸ்கூல் என்று பிள்ளை சொன்னால் சிரிப்பு என்பது நியாயமே இல்லை. இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பவை. ஸ்பானிய மொழியிலும் பள்ளிக்கூடம் ‘எஸ்குவேலா’தான்.

ஆங்கிலம் பேசும்போது திருத்த வேண்டுமா என்றால், ஆமாம், திருத்துங்கள். ‘போட்’ என்று சொல்லி நாக்கை மேலே ஒட்டியபடியே நிறுத்திப் பழகுங்கள். ‘ஸ்கூல்’ சொல்வதற்கு முன் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, அப்படியே ‘கூல்’ சேருங்கள். சில நாளில் வந்துவிடும். வீட்டில் ‘போட்டு’ என்று சொல்வதை யாருக்காகவும் விட வேண்டாம்.

ஸ்பெல்லிங் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. ஏன்?

எழுத்து நின்றுவிட்டது, வாய் நகர்ந்துவிட்டது. 1476இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமாக உறைய ஆரம்பித்தது. அதே காலத்தில், ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை, ஆங்கில நெட்டுயிர்கள் பெரிய அளவில் இடம் மாறிக்கொண்டிருந்தன. ‘நைட்’ (இரவு இல்லை, குதிரைவீரன்), ‘நீ’ (முழங்கால்) என்று நாம் படிக்கும் சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் ‘க்’ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ‘டாக்’ (பேசு), ‘வாக்’ (நட) என்ற சொற்களில் ஒளிந்திருக்கும் ‘ல்’லும் அப்படித்தான். 1760களில் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரால் வழங்கும் பாக் நீரிணையை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அங்கேயும் அதே ‘ல்’ நிற்கும்.

‘ஐலண்ட்’ கதை வேறு. அதற்குள் ஒலிக்காத ஒரு ‘ஸ்’ இருக்கிறது. அது எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை. பழைய ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்துப் பிற்காலத்தில் நுழைத்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தத் தவறையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நீளமான வாக்கியம் எழுதினால் சொற்கள் இடம் மாறிப்போகின்றன. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். இது பிடிபட்டால் பாதி ஆங்கிலம் கைவசம்.

தமிழில் செய்பவர், செயப்படுபொருள், வினை என்ற வரிசை. ‘மாமா வலை பின்னுகிறார்.’ ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும்: ‘அங்கிள் மேக்ஸ் நெட்ஸ்.’ இது எல்லோருக்கும் தெரியும். வேறுபாடு இதோடு நிற்கவில்லை என்பதைத்தான் புத்தகங்கள் சொல்வதில்லை. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

‘மண்டபத்தில் வலை பின்னுகிற மாமா வீட்டுக்குப் பின்னால் உள்ள கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.’

துண்டு துண்டாக எண் போடுங்கள். மண்டபம் 1, இல் 2, வலை 3, பின்னுகிற 4, மாமா 5, வீடு 6, பின்னால் 7, கிணறு 8, இல் 9, தண்ணீர் 10. இப்போது ஆங்கிலம்:

‘த வாட்டர் இன் த வெல் பிஹைண்ட் த ஹவுஸ் ஆஃப் தி அங்கிள் ஹூ மேக்ஸ் நெட்ஸ் இன் மண்டபம் டேஸ்ட்ஸ் சால்ட்டி.’

வாட்டர் 10, இன் 9, வெல் 8, பிஹைண்ட் 7, ஹவுஸ் 6, அங்கிள் 5, மேக்ஸ் 4, நெட்ஸ் 3, இன் 2, மண்டபம் 1. ஒன்றுகூடத் தப்பாமல் தலைகீழாக வருகிறது. ‘ஆஃப்’, ‘ஹூ’ இரண்டும் இடையில் வந்த இணைப்புகள். கடைசியில் வரும் ‘உப்புக் கரிக்கிறது’ மட்டும் இரண்டு மொழியிலும் கடைசியில் நிற்கிறது, ஏனென்றால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்த சேதி அதுதான்.

காரணம் இது. ஒரு தொடரில் எது முக்கியமான சொல்லோ அதைத் தலை என்பார்கள். தமிழ் தலையைக் கடைசியில் வைக்கும், விளக்கமெல்லாம் முன்னால் வரும். ஆங்கிலம் பெரும்பாலும் தலையை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கில ப்ரெப்பொசிஷன் முன்னால் வரும் என்பதும் இதன் இன்னொரு முகமே. 1963இல் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, வினை கடைசியில் வரும் மொழிகளில் இத்தகைய சொற்கள் பெயருக்குப் பின்னால் வருவதுதான் மிகப் பெரும்பாலான வழக்கம் என்று காட்டினார். ஜப்பானியமும் துருக்கியமும் இந்த விஷயத்தில் நம் பக்கம்.

ஆகவே நீளமான தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது இடமிருந்து தொடங்காதீர்கள். எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் கேளுங்கள். தண்ணீர். எங்கே இருக்கும் தண்ணீர்? கிணற்றில். எந்தக் கிணறு? வீட்டுக்குப் பின்னால். யார் வீடு? இப்படிக் கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால் ஆங்கில வரிசை தானாக வந்து விழும்.

‘வென்ட்’ எப்போது, ‘ஹேஸ் கான்’ எப்போது?

வீட்டு வாசலில் வந்து ஒருவர் அப்பாவைக் கேட்கிறார். ‘அப்பா கடலுக்குப் போயிருக்காரு’ என்று சொல்கிறீர்கள். ‘அப்பா கடலுக்குப் போனாரு’ என்று சொல்வதில்லை. ஏன்? ‘போயிருக்காரு’ என்றால் இன்னும் திரும்பவில்லை, இப்போது இங்கே இல்லை என்ற சேதி உள்ளே இருக்கிறது. ‘போனாரு’ என்பது நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பயமுறுத்தும் விஷயம் இதுதான். ‘ஃபாதர் ஹேஸ் கான் டு சீ.’ நம் ‘இரு’ செய்யும் வேலையை அங்கே ‘ஹேவ்’ செய்கிறது.

போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்றால் ‘பீன்’ வரும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்தவர் ‘ஐ ஹேவ் பீன் டு கச்சத்தீவு’ என்பார். ‘ஹேஸ் கான்’ என்றால் ஆள் இன்னும் அங்கேதான்.

ஒரு வேறுபாடு இருக்கிறது, நம் பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான். தமிழில் ‘நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்று சொல்லலாம். ஈரத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறோம். ஆங்கிலப் பெர்ஃபெக்ட் ‘நேற்று’, ‘நாலு மணிக்கு’, ‘2019இல்’ போன்ற முடிந்துபோன நேரச் சொல்லைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று சாதாரண இறந்தகாலம் போட வேண்டும், ஊகம் என்று காட்ட நினைத்தால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்’. நேரம் சொன்னால் ‘வென்ட்’, நேரம் சொல்லாமல் இப்போதைய நிலைமையைச் சொன்னால் ‘ஹேஸ் கான்’. தேர்வுக்கு இது போதும்.

ஆங்கிலத்தில் டென்ஸ் 12ஆ, 3ஆ, 2ஆ?

பள்ளிக் கணக்கு 12: மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வடிவம். மொழியியலாளர் பலர் 2 என்பார்கள். வினைச்சொல்லே உருமாறிக் காட்டுவது நிகழ்காலமும் இறந்தகாலமும்தான், எதிர்காலத்துக்கு ‘வில்’ என்ற துணைவினையைக் கடன் வாங்குகிறது ஆங்கிலம். தமிழில் ‘வருவேன்’ என்று வினைக்குள்ளேயே எதிர்காலம் இருக்கிறது. தேர்வில் 12 என்று எழுதுங்கள்.

‘அ’, ‘ஆன்’, ‘த’ தமிழில் இல்லையே, எப்படிப் புரிந்துகொள்வது?

‘அ’வும் ‘ஆன்’னும் உங்களிடம் இருக்கின்றன. ஒரு மீன், ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’ வருவதுபோல் ‘ஆன் ஐலண்ட்’. கவனிக்க வேண்டியது ஒலி, எழுத்து இல்லை. ‘ஆன் அவர்’ (ஒரு மணி நேரம்), ஆனால் ‘அ யூனிவர்சிட்டி’.

‘த’ கடினம். ‘அந்த’ என்று மொழிபெயர்த்துப் படிப்பது பாதி இடத்தில் கைவிட்டுவிடும். எனக்குப் பயன்பட்ட வழி இது: ‘மீன் வாங்கினேன்’ என்பதற்கும் ‘மீனை வாங்கினேன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் ஏதோ மீன். இரண்டாவதில் நீங்களும் நானும் ஏற்கெனவே பேசிய, இருவருக்கும் தெரிந்த மீன். அந்த ‘ஐ’ செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் ‘த’ செய்கிறது. ‘ஐ பாட் ஃபிஷ்’, ‘ஐ பாட் த ஃபிஷ்’. கேட்பவருக்கு எது என்று தெரியுமா? தெரியும் என்றால் ‘த’.

நம் கரைக்கென்றே ஒரு நுட்பம் உண்டு. கடல் தொழிலுக்குப் போகிறவர் ‘கோஸ் டு சீ’. ‘த’ கிடையாது. இராமேசுவரத்துக்கு வந்த யாத்ரீகர் கடலைப் பார்க்கப் போனால் ‘கோஸ் டு த சீ’. படிக்கப் போகும் பிள்ளை ‘டு ஸ்கூல்’, கையெழுத்துப் போடப் போகும் பெற்றோர் ‘டு த ஸ்கூல்’. அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே போனால் ‘த’ போய்விடுகிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, இந்த மாதிரிச் சில சொற்களுக்கு மட்டும்.

‘ஹீ கோ’ன்னு எழுதினா ஏன் தப்பு?

தமிழ் வினை எல்லா இடத்திலும் ஆளைக் காட்டும்: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள். பழைய ஆங்கிலத்திலும் நிறைய விகுதிகள் இருந்தன. தேய்ந்து தேய்ந்து நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஒரு ‘ஸ்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஹீ கோஸ்’, ‘ஷீ கோஸ்’, ‘இட் கோஸ்’. மிச்சமிருப்பது அது ஒன்றுதான், விட்டுவிடாதீர்கள்.

பன்மைக்கு வரும் ‘ஸ்’ வேறு. அதற்கு மூன்று உச்சரிப்பு உண்டு. ‘நெட்ஸ்’ என்பதில் அதிர்வு கிடையாது. ‘க்ராப்ஸ்’, அதாவது நண்டுகள், அதிர்வோடு வரும். ‘பாக்ஸஸ்’ என்பதில் ஓர் உயிரொலி சேர்ந்து வரும். முதல் இரண்டும் முந்தைய ஒலி அதிர்கிறதா என்பதைப் பொறுத்தவை; முந்தைய ஒலியே ‘ஸ்’ போன்ற சீறும் ஒலியாக இருந்தால் மூன்றாவது வரும். கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கும் சோதனை இங்கேயும் உதவும். 1958இல் ஜீன் பெர்க்கோ ‘வக்’ என்று இல்லாத ஒரு பிராணியின் பெயரைச் சொல்லி, சின்னக் குழந்தைகளிடம் இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேள்விப்பட்டே இராத சொல்லுக்கும் குழந்தைகள் சரியான ‘ஸ்’ போட்டார்கள். மனப்பாடம் செய்திருந்தால் அது முடியாது. விதி உள்ளே இருந்திருக்கிறது.

‘நீ சாப்பிடலையா?’ன்னு ஆங்கிலத்தில் கேட்டால் ‘யெஸ்’ஸா ‘நோ’வா?

சாப்பிடவில்லை என்றால் ‘நோ’. நாம் ‘ஆமா, சாப்பிடலை’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் ‘யெஸ், ஐ ஹேவ்’, இல்லையென்றால் ‘நோ, ஐ ஹேவ்ன்ட்’. வேலை நேர்காணலில் ‘டிட்ன்ட் யூ ஃபினிஷ் த கோர்ஸ்?’ என்று கேட்கும்போது, முடிக்காதவர் ‘யெஸ்’ என்றால் முடித்துவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் பின்னால் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள், குழப்பம் வராது.

ஆங்கிலத்தில் மரியாதை காட்ட முடியாதா? ‘நாம’, ‘நாங்க’ இரண்டுக்கும் ஒரே ‘வீ’யா?

ஆமாம், ஒரே ‘வீ’. ‘நாளைக்கு நாங்க கடலுக்குப் போறோம்’ என்றால் நீ வரவில்லை. ‘நாம போறோம்’ என்றால் நீயும் உண்டு. ஆங்கிலத்தில் அதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது ‘யூ அண்ட் ஐ’ என்று விரிக்க வேண்டும். முன்னிலையில் ஒரு காலத்தில் ‘தௌ’, ‘யூ’ என்று நீ, நீங்கள் போல இரண்டு இருந்தன. ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து போய்விட்டது, 1611இல் வந்த ஆங்கில பைபிளில் இன்னும் படிக்கலாம். இன்று எல்லோருக்கும் ‘யூ’. அதனால் தலைமை ஆசிரியரை ‘யூ’ என்றால் அவமரியாதை இல்லை. மரியாதையை ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘ப்ளீஸ்’ ஆகியவை சுமக்கின்றன.

பாஸிவ் வாய்ஸ் எதற்கு? நேராகச் சொன்னால் என்ன?

இந்தக் கரையில் இந்தக் கேள்விக்குப் பதில் செய்தித்தாளிலேயே வருகிறது. ‘மீனவர்கள் கைது செய்யப்பட்டனர்.’ ‘த ஃபிஷர்மென் வேர் அரெஸ்டட்.’ யார் பிடித்தார்கள் என்பதைவிட யாருக்கு நடந்தது என்பது முக்கியமாகும்போது, பாதிக்கப்பட்டவரை எழுவாய் இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாஸிவ் அதற்காகவே இருக்கிறது. பிடித்தவரைச் சொல்ல விரும்பினால் ‘பை’ போட்டுக் கடைசியில் சேர்க்கலாம், தமிழில் ‘ஆல்’ போல. சொல்லாமலும் விடலாம். அதனால் பாஸிவ் வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் ‘யாரால்?’ என்று கேட்கும் பழக்கம் வேண்டும். ‘படகுகள் சேதப்படுத்தப்பட்டன’ என்று முடிந்துவிடும் வாக்கியத்தில் செய்தவர் பெயர் இல்லை.

கரையில் சேதி வரும்போது நாம் ‘செய்யப்பட்டனர்’ என்று பேசுவதில்லை, ‘புடிச்சுட்டாங்க’ என்கிறோம். பேச்சுத் தமிழ் எழுவாயை விட்டுவிட்டே இந்த வேலையைச் செய்துகொள்கிறது. ஆங்கிலம் எழுவாயை விடாது, அதனால் அதற்குப் பாஸிவ் தேவை அதிகம். விதி ஒன்றுதான்: ‘பி’ வினையின் ஒரு வடிவம், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். ‘பிடி’ என்ற வினைக்கு: இஸ் காட், வாஸ் காட், ஹேஸ் பீன் காட், வில் பி காட்.

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘ஃபார்’, ‘சின்ஸ்’?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ‘இன் ஏப்ரல்’. தேதி ‘ஆன் ஏப்ரல் 15’. மணி ‘அட் ஃபோர்’. மொத்த நீளம் ‘ஃபார் 61 டேஸ்’. தொடங்கிய புள்ளி ‘சின்ஸ் ஏப்ரல் 15’. ‘த போட்ஸ் ஹேவ் பீன் இன் த ஹார்பர் சின்ஸ் ஏப்ரல் 15.’ இந்தப் பொருளில் ‘சின்ஸ்’ வந்தால் கூடவே பெர்ஃபெக்ட் வரும். ‘இன் த மார்னிங்’, ஆனால் ‘அட் நைட்’. இதற்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், மனப்பாடம்தான்.

மீனுக்குப் பன்மை ‘ஃபிஷ்’ஷா ‘ஃபிஷஸ்’ஸா?

கூடையில் இருநூறு இருந்தாலும் ‘ஃபிஷ்’. பாரை, சீலா, நெத்திலி என்று வகை வகையாகக் கணக்கெடுக்கும் அறிவியல் எழுத்தில் ‘ஃபிஷஸ்’ வரும். மண்டபத்தில் பல ஆண்டுகள் தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளில் அதைப் பார்க்கலாம். நண்டு எண்ணக்கூடியது, ‘க்ராப்ஸ்’. இறாலும் அப்படியே, ‘ப்ரான்ஸ்’. வாலிநோக்கத்து உப்பு எண்ண முடியாதது, எவ்வளவு குவிந்தாலும் வெறும் ‘சால்ட்’.